சேற்றை மோந்து பார்க்கிற மனிசன்

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் கல்முனைப் பக்கம் இன்றைக்கும் இரண்டு பேருக்கு நெஞ்சு இடிக்கும். பெயரைச் சொல்லாவிட்டாலும், எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தப் பக்கம் ஜீப்போ லொறியோ உழவு மெஷினோ வைத்திருந்தவர்களுக்கு ஆளைத் தெரிந்துவிடும். அவருடைய கராஜில் வாகனம் போய் நின்றதும் சாரதியின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். ஸலாமுக்கு வாய்க்குள் பதில் சொல்லிக்கொண்டு நேரே பின்சில்லுக்குப் போவார். மட்காட்டுக்குள் கையை விட்டு, ஒட்டியிருக்கிற சேற்றில் ஒரு விரலளவு சுரண்டி எடுப்பார். அதை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்ப்பார். சில நாள் நாக்கு நுனியிலும் வைப்பார். அதற்குப் பிறகுதான், ஆளை 'கா' என்று கூப்பிட்டுக் கேள்வி வரும்.

"எங்க கா புதைஞ்ச?"

நாம் இடத்தைச் சொன்னால், "இல்ல. இது அந்தச் சேறில்ல. உண்மையச் சொல்லு" என்பார். பல பேர் மாட்டுப்பட்டிருக்கிறார்கள். வீட்டில் ஒரு இடம் சொல்லிவிட்டு வேறு இடம் போனவர்கள் அவரிடம் வர யோசிப்பார்கள். கராஜின் பின்சுவரில் பலகைத் தட்டு அடித்து, வெறும் பால்மா டின்களை வரிசையாக வைத்திருந்தார். எல்லாவற்றுக்குள்ளும் சேறு. நற்பிட்டிமுனைச் சேறு, வீரமுனைச் சேறு, குளக்கட்டுச் சேறு, ஆற்றங்கரைச் சேறு. டின்னுக்கு மேல் கரிக்கட்டியால் ஊர்ப்பெயர் எழுதியிருக்கும். முதல் நாள் அதைக் கண்டுவிட்டு, இந்த மனிசனுக்கு மண்டையில் என்னவோ கழன்றுவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

நான் அப்போது தயிர்க்காரன். சும்மா தயிர்க்காரன் இல்லை, ஜீப் வைத்த தயிர்க்காரன். அரசாங்கக் கச்சேரி ஏலத்தில் எடுத்த பழைய ஜீப்பில் மேற்கே காட்டோரம் இருக்கிற எருமைப் பட்டிகளுக்குப் போய், சட்டி சட்டியாகத் தயிர் ஏற்றிக்கொண்டு சந்தைக்கு வருவேன். சட்டிகளுக்கு இடையில் வைக்கோல் திணித்து, பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றி வருகிற மாதிரி ஓட்டி வரவேண்டும். மழை பெய்து வட்டை முழுக்க, வயல்வெளியை நாங்கள் வட்டை என்போம், சேறாகிவிட்டால் என் பாடு தீர்ந்தது. ஒரு பின்சில்லு பைத்தியம் பிடித்த மாதிரிச் சுற்றும். மற்றது மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை போல அசையாமல் நிற்கும். அரை நாள் அப்படிக் கிடந்தால் தயிர் புளித்துப்போகும், நானும் புளித்துப்போவேன்.

ஜீப்பின் பின்னச்சுக்கு நடுவில் ஒரு குண்டு இருக்கிறதே, அதற்குள் இருக்கிற பல்லுச் சக்கரங்கள் செய்கிற வேலை அது. டிபரென்ஷல் என்று பெயர். வளைவில் வெளிச்சில்லு கூட ஓடவும் உள்சில்லு குறைய ஓடவும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதற்காக வைத்திருக்கிறார்கள். ரோட்டுக்கு அது நல்ல குணம். சேற்றிலோ, சும்மா சுற்றுகிற சில்லுக்கே என்ஜின் பலம் எல்லாம் போய்விடும். இரண்டு சில்லையும் சேர்த்துப் பூட்டிவிட்டால் இரண்டும் ஒன்றாகத்தான் சுற்றும். அந்தப் பூட்டுப் போட எங்கள் பக்கத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

அவருக்கு ஒரு தம்பி இருந்தான். எழுபத்தெட்டில் சூறாவளி அடித்து மூன்று கிழமைக்குப் பிறகு, காட்டில் விழுந்து கிடக்கிற மரம் பார்த்து வருகிறேன் என்று ஜீப்பில் போனவன். கிறுகி வரவில்லை. கிறுகுதல் என்றால் எங்கள் ஊரில் திரும்புதல். ஆளும் இல்லை, ஜீப்பும் இல்லை. ஜின் கொண்டுபோய்விட்டது என்று ஊர் கதைத்தது. கலியாணம் முடித்து எட்டு மாதம் ஆன அவன் பெண்டாட்டிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. புருஷன் மௌத்தானால் நாலு மாதம் பத்து நாள் திரை மறைவில் இத்தா இருந்துவிட்டு, அதற்குப் பிறகு அவள் தன் வழியைப் பார்க்கலாம். மௌத்தா ஹயாத்தா, செத்தானா இருக்கிறானா என்றே தெரியாதவளுக்கு எந்த வழியும் இல்லை. அந்தப் புள்ள காலையில் ஜன்னலடியில் உட்காரும், பொழுதுபட்டால் எழும்பும். நாலு வருஷம் இப்படி. தெருவால் போகிறவர்கள் அந்த ஜன்னலைப் பார்க்காமல் போகப் பழகிவிட்டார்கள். என்னுடைய தயிர்ச் சட்டியை விற்கவும் அந்த ஒழுங்கைக்குள் போக எனக்கு மனம் வராது.

தம்பியின் ஜீப்புக்குப் பூட்டுப் போட்டுக் கொடுத்தவரும் இவர்தான். பூட்டில்லாத ஜீப்பாக இருந்திருந்தால் முதல் பள்ளத்திலேயே நின்றிருக்கும், அவன் ஏசிக்கொண்டு நடந்து வீட்டுக்கு வந்திருப்பான். இதை அவர் என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னார், சொல்லிவிட்டு ஸ்பானரைத் தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டார். தம்பி காணாமல் போவதற்கு முதல் நாளும் ஜீப்பில் எங்கேயோ போய் வந்திருக்கிறான். எங்கே என்று சொல்லவில்லை. வாசலில் கழற்றிவிட்ட செருப்பில் கறுத்தச் சேறு ஒட்டியிருந்தது. அந்தச் சேறுதான் மேல்தட்டில், பெயர் எழுதாத டின்னுக்குள் இருந்தது. இது தெரிந்த பிறகுதான் அவர் ஏன் ஒவ்வொரு வாகனத்தையும் மோந்து பார்க்கிறார் என்பது எனக்கு விளங்கியது.

என்ன பூட்டுப் போடுவது என்று நான் முதன்முதலில் கேட்டபோது என் கையில் என்ன காசு இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. எவடத்த போகப்போறாய் என்றுதான் கேட்டார்.

"செலவில்லாதது முதல்ல. பிரேக்க மெல்லமா மிதிச்சிக்கிட்டே எக்ஸிலேட்டரக் குடு. சும்மா சுத்துற சில்லு இறுகும், மத்தச் சில்லுக்குப் பலம் போகும். அரைவாசிப் பேருக்கு இது போதும். மறுகா, ரெண்டாவது, ஒட்டு. உள்ளுக்க இரிக்கிற சின்னப் பல்லுகள வெல்டிங் வெச்சி ஒண்டாக்கிறது. செலவு கொறைவு. ஆனா ஒட்டினா ஒட்டினதுதான். தார் ரோட்டுல டயர் தேயும், கிறுகக்கொள்ள எக்ஸில் உடையும். ஆமி லொறியில கழட்டின பூட்டு கொழும்பில கிடைக்கும். லீவர இழுத்தாப் பூட்டும், விட்டாத் திறக்கும். அது ராசா. உன்ட தயிர் யாவாரத்துக்குத் தாங்காது."

"முன்னுக்கும் பூட்டினா என்ன காக்கா?" என்று கேட்டேன். அண்ணனை நாங்கள் காக்கா என்போம்.

"முன்னுக்குப் பூட்டினா ஸ்டேரிங் உன்ட சொல்லுக் கேக்காது. பின்னுக்கு மட்டும் போதும்."

"வெளிநாட்டுல தானாப் பூட்டுற சாமான் இரிக்காமே?"

"இரிக்கி. பாண்டிருப்புக் கொந்தராத்துக்காரர்ர ஜீப்புக்குப் போட்டுப் பார்த்தன். தன்பாட்டுல பூட்டுது, தன்பாட்டுல திறக்குது. எந்த நேரம் என்ன செய்யும் எண்டு சொல்லேலா. அப்படியான ஆக்களோட எனக்கு ஒத்துவராது."

ஆக்கள் என்றுதான் சொன்னார். இரும்புச் சாமானை மனிசன் மாதிரிக் கதைக்கிறது அவருக்கு வழக்கம். அன்றைக்கு எனக்குச் செலவில்லாததைத்தான் பழக்கிவிட்டார். பிரேக்கும் எக்ஸிலேட்டருமாக இரண்டு வருஷம் தயிர் ஏற்றினேன்.

சேற்றுக்குத் தோல் இருக்கிறது என்பார். மேலே காய்ந்து, வேரும் புல்லும் பின்னிக் கிடக்கிற படலம் அது. அடியில் என்ன ஆழம் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். உழவு மெஷின் போனால் பாரத்துக்கும் சில்லில் துருத்துகிற கட்டைக்கும் அந்தத் தோல் கிழிந்துவிடும். ஒரு சில்லு சும்மா சுற்றினாலும் கிழிந்துவிடும். பாரமில்லாத ஜீப், காற்றைக் குறைத்த டயர், இரண்டு சில்லும் ஒன்றாக மெல்லச் சுற்றினால் தோல் தாங்கும். இதைச் சொல்லும்போது அவர் தரையை உள்ளங்காலால் மெல்ல அழுத்தி அழுத்திப் பார்ப்பார். சீமெந்துத் தரைதான். ஆனாலும் எனக்கு அந்த இடத்தில் நிற்கப் பிடிக்காது.

எண்பத்திரண்டு கோடை. புல் தேடிப் பட்டிக்காரர்கள் எருமைகளை வழமையைவிட உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். தயிருக்காக நானும் உள்ளே போனேன், ஒரு வில்லு ஓரத்தில் புதைந்தேன். சதுப்பு நிலத்தை வில்லு என்போம். எருமை கட்டி இழுத்துத்தான் வெளியே வந்தேன். அடுத்த நாள் ஸ்பிரிங் பார்க்கச் சொல்லி அவரிடம் போனேன்.

வழக்கம் போலச் சுரண்டினார். மோந்தார். நாக்கில் வைத்தார். பிறகு அசையவில்லை. வேலைப் பொடியன்மாரின் வெல்டிங் சத்தம் நின்று, றேடியோவும் நின்று, கடல் இரைகிறது மட்டும் கேட்டது. மெல்லப் போய் மேல்தட்டில் இருந்த பெயரில்லாத டின்னை எடுத்து வந்தார். அந்தக் காய்ந்த சேற்றில் எச்சில் தொட்டுக் குழைத்து, இடது உள்ளங்கையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பூசினார். ஒரே கறுப்பு. இரண்டிலும் கடுகு போலச் சிவந்த ஒரு கோரை விதை. என்னிடம் கையை நீட்டி மோந்து பார்க்கச் சொன்னார். அழுகின முட்டை நாற்றம், இரண்டிலும்.

"எங்க கா?"

சொன்னேன். மூன்று தரம் சொல்ல வைத்தார். அதற்குப் பிறகு சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அதுதான் முதல்.

"உன்ட ஜீப்புக்கு ஒட்டுப் போட்டுத் தாறன். காசு வாணாம். என்ன ஒருக்கா அவடத்த கூட்டிட்டுப் போ."

"காக்கா, அவடத்த ஆனை நிக்கி. பட்டிக்காரனே நடந்து போறல்ல."

"அதுக்குத்தான் ஜீப்பு."

காசு வேண்டாம் என்றால் எனக்குக் கண் தெரியாது. ஓம் என்றுவிட்டேன். பின்னச்சைக் கழற்றி, உள்பற்களைச் சூடாக்கி, ஒவ்வொரு இணைப்பாக ஒட்டினார். முடிந்ததும் அந்தச் சூட்டோடு சுட வைத்த கடல் மணல் நிறைத்த தகரப் பெட்டிக்குள் புதைத்தார். சுறுக்கா ஆறினால் வெடித்துவிடுமாம். பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து மணலில் காதை வைத்தார். பின்னேரத்து அஸர் தொழுகைக்கு வாங்கு சொல்லும் வரைக்கும் வைத்திருந்தார்.

"என்ன காக்கா கேக்குது?"

"ஒண்டும் கேக்கல்ல. நல்லம்."

மூன்று நாள் கழித்து, விடிய சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். இரண்டு வாளி, ஒரு மண்வெட்டி, ஒரு கயிறு. பின்சீட்டில் வெள்ளைத் துணி ஒரு சுருள் மடித்து வைத்திருந்தார். செத்த உடலைப் பொதிகிற கபன் துணி என்று கேட்காமலே தெரிந்தது. வழி முழுக்க அவர் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கதைக்காமல் இருக்க எனக்கு ஏலாது, தயிர் விலையிலிருந்து என் மாமனாரின் மூலவருத்தம் வரைக்கும் நானே கதைத்துக்கொண்டு போனேன். வில்லு தெரிந்ததும் என் வாயும் மூடிக்கொண்டது. நடுப்பகல். கொக்கு இல்லை, மைனா இல்லை, ஒரு தவளைச் சத்தம்கூட இல்லை.

டயர்களில் பாதிக்காற்றை இறக்கினார். ஆனை இருக்கிறதா என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு எனக்குப் பக்கத்தில் ஏறினார்.

"அந்தா தெரியிற மருத மரத்தப் பார்த்து நேர போ. கிறுகாத. கிறுகினா ரெண்டு சில்லும் ஒண்டையொண்டு இழுத்துத் தோலக் கிழிச்சிரும். வரக்கொள்ள ரிவேஸ்தான்."

முதல் கியரில் போனேன். ஜீப்புக்கு முன்னால் நிலம் மெல்ல உயர்ந்தது, தாழ்ந்தது. கோரைகள் எங்களுக்கு முன்னால் தலையை ஆட்டிக்கொண்டு போயின, காற்று இல்லை. எனக்குத் தெரிந்த குர்ஆன் சூறா எல்லாம் ஓதினேன், பாதியைப் பிழையாக ஓதினேன். அவர் கதவுக்கு வெளியே தலையை நீட்டி, சில்லு போகிற இடத்தை மோந்துகொண்டு வந்தார். "இன்னம் போ. இன்னம்." பிறகு என் தொடையில் கையை வைத்தார்.

கோரைக்குள் ஒரு முழம் உயரத்தில் ஒரு கண்ணாடிச் சட்டம் நின்றது. ஜீப்பின் முன்கண்ணாடிச் சட்டம். மற்றதெல்லாம் சேற்றுக்குள். அவர் இறங்கிப் போய் அதற்குப் பக்கத்தில் நின்று ஸலாம் சொன்னார். சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்பது மாதிரிக் கொஞ்ச நேரம் நின்றார்.

வாளியால் சேற்றை அள்ளி அள்ளி ஊற்றினோம். அள்ள அள்ள ஊறி வந்தது. சாரதி சீட்டு மட்டத்துக்கு வந்ததும் அவர் சட்டத்தில் வயிற்றை வைத்துக் குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டார். கண்ணை மூடிக்கொண்டு சீட்டு, சீட்டுக்கு அடி, மிதிகட்டை, பின்பக்கம் என்று ஒவ்வொரு மூலையாகத் தடவினார். ஒரு மணி நேரம் இருக்கும். துணிச் சுருளை எடுத்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன்.

"ஆளில்ல" என்றார்.

"தண்ணி இழுத்துட்டுப் போயிருக்கும் காக்கா."

"நீயும் கைய உட்டுப் பாரு."

விட்டேன். அந்த வெயிலிலும் உள்ளே ஐஸ் போலக் குளிர்ந்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டினார். கியர் நடுவில் கிடந்தது. ஹேண்ட் பிரேக் இழுத்துக் கிடந்தது. சாவித் துவாரம் வெறுமையாக இருந்தது.

"தண்ணி ஹேண்ட் பிரேக் இழுக்குமா?" என்று கேட்டார்.

அவன் ஜீப்பை நிறுத்தி, பிரேக்கை இழுத்து, சாவியைக் கழற்றிக்கொண்டு இறங்கிப் போயிருக்கிறான். அங்கேயிருந்து எங்கே போனான், யாரிடம் போனான், ஏன் போனான்? அவர் போய் என் ஜீப்பின் பொனட்டில் உட்கார்ந்தார். நாலு வருஷமாகச் சேற்றை நக்கின மனிசன். தம்பியின் மையித்தை, உடலைத் தேடி வந்தவருக்குக் கிடைத்தது ஹேண்ட் பிரேக்.

பிறகு எழும்பினார். மறுபடியும் குப்புறப் படுத்து, கையை உள்ளே விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். துருப்பிடித்த இரும்பு சேற்றுக்கு அடியில் முறிந்த சத்தம் கேட்டது. ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டார். அந்த இடத்துக்கு இனி ஒருவரும் வந்து பார்க்கப் போவதில்லை. ஆனாலும் இறக்கினார்.

"தம்பி ஓட்டிக்கிட்டுப் போகக்கொள்ள சேத்துக்க புதைஞ்சி மௌத்தாயிட்டான். சீட்டுல எலும்பக் கண்டோம், எடுக்க முந்திச் சேறு மூடிட்டிச்சி. நீயும் கண்டாய்."

"காக்கா, நான் காணல்லயே."

"அந்தப் புள்ள நாலு வருஷமா ஜன்னலடியில இரிக்கி கா. நீ கண்டாய்."

வந்த தடத்தில் ரிவேஸில் வந்தோம். நாங்கள் தோண்டின பள்ளம் கரைக்கு வருமுன்னமே நிரம்பிவிட்டது.

பள்ளிவாசலை நிர்வாகம் செய்கிற மரைக்கார்மார் இரண்டு சாட்சி கேட்டார்கள். அவர் ஒன்று, நான் ஒன்று. வல்லாஹி கண்ணால் கண்டேன் என்று சத்தியம் பண்ணினேன். என் வாழ்நாளில் தயிருக்குத் தண்ணீர் கலந்ததைத் தவிர வேறு பெரிய பாவம் அதுவரை செய்ததில்லை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, பெண்டாட்டி காய்ச்சல் என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துத் தந்தாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு காயிப் ஜனாஸா தொழுதார்கள், மையித்து இல்லாமலே செத்தவருக்காகத் தொழுகிற தொழுகை. அவர் எனக்குப் பக்கத்தில் நின்றார். அல்லாஹு அக்பர் என்ற நாலு தக்பீருக்கும் அவருடைய உதடு அசையவில்லை.

அந்தப் புள்ள இத்தாவில் உட்கார்ந்தது. ஐந்தாறு நாள் கழித்து அதன் உம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். அறை வாசலில் சீலைத் திரை கட்டியிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்தது.

"காக்கா, நீங்க உங்கட கண்ணாலயே கண்டீங்களா?"

"ஓம் தங்கச்சி."

"சாவி ஜீப்புலயா கிடந்திச்சி?"

இந்தக் கேள்விக்கு நாங்கள் பதில் பேசி வைத்திருக்கவில்லை. "ஓம், அதுலதான் கிடந்திச்சி" என்றேன்.

பிறகு திரைக்கு அடியால் வெள்ளைச் சீலை மூடின ஒரு கை வந்து, ஒன்றைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனது. சிவப்பு நூல் கட்டின ஒரு ஜீப் சாவி.

"அப்ப இது என்ன காக்கா?"

குனிந்து அந்தச் சிவப்பு நூலைத் தொட்டுப் பார்த்தேன்.

"அவரு போய் மூணாம் நாள், காலத்தால எழும்பி ஜன்னலத் திறக்கக்கொள்ள கட்டையில கிடந்திச்சி. கறுத்தச் சேறு, ஈரம் காயல்ல. நான் உள்ளுக்க முழிச்சிக்கிட்டுத்தான் கிடந்தன். ஒரு சத்தம் போட்டிருந்தாக் கேட்டிரிக்கும். கூப்பிடல்ல."

"ஏன் தங்கச்சி ஒருத்தருக்கும் சொல்லல்ல?"

"இன்னொருக்கா வருவாரு எண்டு பார்த்தன். நாலு வருஷம் பார்த்தன். ஜன்னல் மட்டும் வந்து, என்னக் கூப்பிடாமப் போன மனிசன் எனக்கு மௌத்துத்தான் காக்கா. நான் இத்தா இரிக்கன். இதக் கொண்டு போய் எங்கயாச்சும் போட்டிருங்க. பெரிய மச்சானுக்குச் சொல்லிராதீங்க. தம்பி ஹயாத்து எண்டு தெரிஞ்சா அந்த மனிசன் செத்தாலும் தேடுறத நிப்பாட்டாது."

அது சரியா, அவளுக்கும் எனக்கும் அல்லாஹ்விடம் என்ன கணக்கு என்பதெல்லாம் எனக்கு இன்றைக்கும் தெரியாது. சாவியை எடுத்துச் சேர்ட் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். கடலில் எறிந்துவிட்டுப் போவோம் என்றுதான் நடந்தேன். ஒழுங்கை முடிகிற இடத்தில் அவர் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். நான் அந்த வீட்டுக்குப் போனது எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அந்தப் புள்ள என்ன கேட்டிச்சி?"

"ஒண்டும் கேக்கல்ல காக்கா. அழுதிச்சி."

"அழுதிச்சா? நம்பிட்டா கா?"

"ஓம் காக்கா. நம்பிட்டிச்சி."

அல்ஹம்துலில்லாஹ் என்றார். முகம் கோணியது, வாயைப் பொத்தினார், தெருவென்றும் பார்க்காமல் குழந்தை மாதிரி அழுதார். பிறகு இரண்டு கையையும் விரித்து என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்தார். சாவி எங்கள் இரண்டு நெஞ்சுக்கும் நடுவில் கிடந்து குத்தியது. அவர் விடும் வரைக்கும் நான் மூச்சு விடவில்லை.